ஸ்பானிய மொழியில் ராகுகாலம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பத்து வயதில் நான் என்னை ஒரு மொழிப் பேராசிரியர் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஸ்பானியம் ஏழு கிழமைகளும் மணி சொல்வதும்தான். அதாவது, ஸ்பானியம் கற்றுத்தரும் ஒரு கேசட்டின் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் டேப் சிக்கிக்கொண்டது.

அப்போது நாங்கள் டெல்லியில், ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். மாட்ரிட் தூதரக வேலைக்கு அப்பாவின் பெயர் அடிபட்டது. ஆபீஸில் ஸ்பானியத்தில் சின்னதாக ஒரு வாய்மொழித் தேர்வு. தேறினால் குடும்பத்தோடு ஸ்பெயின். நான் கிரிக்கெட் மட்டையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தானம் செய்து, விடையும் பெற்றுவிட்டேன்.

நான் சொல்லிக்கொடுத்த கிழமைகள் அப்பாவின் மண்டையில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் கிழமையும் மணியும் சேர்ந்தே வரும் ஒரே சங்கதி ராகுகாலம். நான் அதையே பாடமாக்கிவிட்டேன். மறுநாள் முதல் அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு திங்கள், செவ்வாய் என்று வரிசையாக ஒப்பித்தார்: லூனெஸ், ஏழரை முதல் ஒன்பது. மார்தெஸ், மூன்று முதல் நாலரை. எல்லாம் சுத்தமான ஸ்பானியத்தில்.

"அச்சா! ராகுவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்றாள் சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த அம்மா.

"உனக்குச் சிரிப்பா இருக்கா?"

"எனக்கென்னங்க சிரிப்பு? இத்தனை வருஷம் டெம்பரரி டீச்சர். இந்த மாசம் பெர்மனென்ட் ஆர்டர் வருது. வந்ததும் வேண்டாம்னு எழுதிக் கொடுக்கணும். அவ்வளவுதானே."

அப்பாவின் ரேசர் கன்னத்தில் சற்று நின்றது. எனக்கோ பாடம் தடைப்பட்ட எரிச்சல்.

தேர்வு முடிந்து அப்பா கையில் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு ஆபீஸ் வருவீங்கன்னு கேட்டாங்க. ஏழரையிலேருந்து ஒன்பது வரைக்கும்னு ராகுகாலத்தைச் சொல்லிட்டேன். ஏன்னு கேட்டாங்க. அதுக்கு ஸ்பானிஷ்ல என்ன சொல்றது? போச்சு, விடு."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சமையலறைக்குள் போய்விட்டாள். பாவம், மாட்ரிட் கைநழுவிப் போனதற்கு அழுகிறாள் என்று நினைத்தேன். ஜிலேபி தின்றுகொண்டே நானும் அழுதேன். மட்டையைத் திருப்பிக் கேட்டேன், அவன் தரவில்லை.

பல வருஷம் கழித்து, அம்மா அதே பள்ளியில் பணி ஓய்வு பெற்ற அன்று, விழா முடிந்து வீடு திரும்பியதும், "நான் ஸ்பானிஷ் வாத்தியாரா இருந்ததாலதானேப்பா உங்களுக்கு மாட்ரிட் கைநழுவிப் போச்சு?" என்று அப்பாவிடம் பெருந்தன்மையாக வருத்தம் தெரிவித்தேன்.

அப்பா செய்தித்தாளை இறக்கவே இல்லை.

"தினமும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனவனுக்கு ஆபீஸ் நேரம் தெரியாதாடா?"