கஸ்தூரி அடிக்க விடாத வரி

கஸ்தூரி போய்விட்டாள். இன்று விடியற்காலை, வேலூரில், ஆஸ்பத்திரியில்...

கேன்சர் என்று தெரியும். இருந்தாலும் போனை வைத்த பிறகு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஜமுனாமரத்தூரில் எங்கள் பெண்கள் கூட்டமைப்பு ஆபீஸில் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் மலைக்காரி, நான் கீழே அடிவாரத்து ஒடுகத்தூர். ஒரே வயது.

அவளைப் பார்த்துப் பொறாமைப்படாத வருஷம் எனக்கு ஒன்றுகூட இல்லை. இப்போதும்தான்... காலையிலிருந்து எத்தனை நாடுகளிலிருந்து மெசேஜ். எல்லாம் அவளுக்காக.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாடுகள் தரும் நிதி பற்றிய சர்வதேசப் பேச்சுவார்த்தைக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். பல நாட்டுப் பெண்கள் அமைப்புகள் வந்திருந்தன. எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: அந்தப் பணத்தில் ஒரு பங்கை, பெண்களின் சமத்துவத்துக்காக வேலை செய்கிற அமைப்புகளுக்கு நேரடியாக வழங்க வேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

ஒரு நாட்டு அதிகாரி அந்த வரியையே எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் பேச நான் பாயின்ட் பாயின்டாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

கஸ்தூரி காபி கியூவில் அவர் பின்னால் போய் நின்றாள். தனக்கு வந்த இங்கிலீஷில், "சார், எங்க மலைக்கு வாங்க, சாமைச் சோறு ஆக்கிப் போடுறேன். அந்த லைனை மட்டும் அடிச்சிடாதீங்க" என்றாள்.

மனிதர் சிரித்துவிட்டார். பிறகு காபி ஆறும்வரை நின்று அவள் சொன்னதைக் கேட்டார்.

என் பாயின்ட் எல்லாம் பையிலேயே இருந்தது.

வரி தப்பித்தது. ஆனால் "வழங்க வேண்டும்" என்று நாங்கள் கேட்ட இடத்தில் "வழங்கலாம்" என்று வந்தது. நான் பாத்ரூமில் அழுதுவிட்டு வெளியே வந்தால், இவள் அந்த அதிகாரியோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? அடுத்த வருஷம் வந்து மாத்திக்கலாம்."

அடுத்த வருஷம் அவளுக்குக் கீமோ. நான் மட்டும் போனேன். மைக் முன்னால் நின்று பாயின்ட் பாயின்டாகப் பேசி முடித்தேன். அமைப்புகள் எல்லாம் சேர்ந்து விடாமல் அழுத்தம் கொடுத்தோம்.

கடைசி நாள் "வழங்க வேண்டும்" என்றே வந்தது.

அதே அதிகாரி கூட்டத்தில் என்னைத் தேடி வந்து கைகொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது... "கஸ்தூரியிடம் சொல்லிவிடுங்கள்" என்றார்.

ஊர் திரும்பியதும் மலைக்கு பஸ் ஏறி, அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"நீதான பேசுன? அந்தாளு எனக்கு எதுக்குச் சொல்லி அனுப்புறாரு?" கோபமாகவே கேட்டாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஒரு நிமிஷம் போகவில்லை. தலையணையில் சாய்ந்துகொண்டு, "என்னப் பத்தி வேற இன்னா சொன்னாரு?"

நாளை மலையில் அடக்கம். எல்லோர் சார்பிலும் நான்தான் பேச வேண்டுமாம்.

போய்ட்டு வா கஸ்தூரி... நான் வர்றதுக்குள்ள அங்க இருக்குற எல்லாரையும் சிநேகம் புடிச்சி வெச்சிக்காதடி.