கழுத்து வலியோடு மதுரைக்கு

காலை ஆறு மணிக்குப் பரமக்குடியிலிருந்து வாடகை அம்பாசிடர் காரில் கிளம்பினோம். பின்சீட்டில் என் மனைவி சாரதா என் தோளில் சாய்ந்திருந்தாள். முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தும்போது கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு வலது கை வரவில்லை, வலது காலும் துவண்டது. கூடவே தமிழும் போய்விட்டது. எங்கள் வீட்டு மொழி சௌராஷ்டிரம். அதில் மட்டும் சில சொற்கள் மிஞ்சியிருந்தன. உள்ளூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம்தான். ஆனால் மானாமதுரை தாண்டுவதற்குள்ளேயே எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு, வெறும் மணலாய் வைகை.

"ரோடு பூராம் பள்ளமாக் கெடக்குண்ணே. மெதுவாத்தேன் போக முடியும். அக்காவப் பிடிச்சுக்கங்க" என்றார் டிரைவர்.

சாரதா வழியெல்லாம் கழுத்து வலிக்கிறது என்றாள். படுத்த வாக்கில் வந்த பிடிப்பு என்று நினைத்துத் தலையணையை மாற்றி மாற்றி வைத்தேன்.

எட்டரைக்கு வண்டியூர் தெப்பக்குளம். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இறங்கினோம். டியூட்டி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"முப்பத்தாறு வயசுதான? சுகர் இல்ல, பிரஷர் இல்ல. மனசுல ஏதாச்சும் அதிர்ச்சியா? உளறுறாங்களே."

"உளறல் இல்ல சார். அது எங்க பாஷை."

அவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே மரநிழலில் டிரைவர் காத்திருந்தார். "கே.கே. நகர்ல நரம்புக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காக. எங்க சித்தப்பாவ அங்கதேன் காட்டுனோம். ஏறுங்கண்ணே" என்றார்.

அந்த டாக்டரம்மா சாரதாவின் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம், "இவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அன்று அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"கழுத்து வலிக்குதாம். காலையிலேர்ந்து இதையேதான் சொல்றா."

"எந்தப் பக்கம்னு கேளுங்க."

எங்கள் மொழியில் கேட்டேன். சாரதா இடது கையால் இடது கழுத்தைத் தொட்டாள்.

"சமீபத்துல எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"

போன வாரம் மினிபஸ் சடன் பிரேக் போட்டதில், அவள் தலை முன்கம்பியில் மோதியது ஞாபகம் வந்தது. காயம் இல்லாததால் மறந்துவிட்டோம்.

சாயங்காலம் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாயோட உட்சுவர் கிழிஞ்சிருக்கு. அங்க ரத்தம் உறைஞ்சு, ஒரு துணுக்கு மேல ஏறிருச்சு. சின்ன வயசுல வர்ற பக்கவாதத்துக்கு இதுவும் ஒரு காரணம்."

"பழையபடி பேசுவாளா டாக்டர்?"

"இப்ப சொல்ல முடியாது. பார்ப்போம்."

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. நான் எதிர்மெஸ்ஸில் சாப்பிட்டு, வராந்தாவில் படுத்தேன். நாள் கிழமை மறந்துபோயிற்று. கால் தேறியது, கை பாதி வந்தது. தமிழ் மட்டும் வரவில்லை.

ஊர் திரும்ப வேறொரு கார் பிடித்தோம். இந்த டிரைவருக்கு எங்கள் கதை தெரியாது. சிலைமான் தாண்டியதும் பாட்டுப் போட்டார்.

"சத்தம் சாஸ்தியா இருக்காக்கா? நிப்பாட்டிரவா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சாரதா, "இரு... இருக்கட்டும்" என்றாள்.

"சரிக்கா" என்று அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதன் பிறகு பரமக்குடி வரை அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசச் சொல்லவில்லை.