ஒன்றும் பூசாத கால்

மகாதேவி டீச்சருக்குப் பாம்பென்றால் பயமில்லை, பள்ளிக்கூட அதிபரென்றால் பயமில்லை. அட்டையைக் கண்டால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவார். சாவகச்சேரி மணலில் நடந்து வளர்ந்தவருக்குக் கலவானப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தானா முதல் நியமனம் கிடைக்க வேண்டும்? மழை பிடித்தால் விடாத ஊர். பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக்குள் ஏறி வருவதற்குள் கணுக்கால், சேலைக் கரை எங்கும் அட்டை. முதல் மழையிலேயே, இந்தப் பள்ளித் தவணை முடிந்ததும் இடமாற்றம் கேட்பதென்று முடிவுகட்டிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனால் பாடமென்று வந்துவிட்டால் டீச்சர் வேறு ஆள். பலகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் விஞ்ஞானம் அவருக்கு அறவே பிடிக்காது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, லயத்து வீடுகளிலோ ரோட்டிலோ அவர்கள் கண்டுபிடிக்க ஆசைப்படும் ஒன்றைச் சொல்லச் சொன்னார். இந்தத் தவணை அதைத்தான் படிக்கப் போகிறோம் என்றார். வகுப்பு கூடிக் குசுகுசுத்தது. பிறகு கோகிலா எழுந்து, காலில் எதைப் பூசினால் அட்டை ஏறாது என்று பார்க்கலாம் என்றாள். டீச்சர் தன்னையறியாமல் சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். என்ன செய்வது, வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது!

திட்டமெல்லாம் பிள்ளைகளுடையது. ஒருத்திக்குக் குளிக்கிற சவர்க்காரம், ஒருத்தனுக்கு உப்புத் தண்ணீர், கோகிலாவுக்குப் புளிக்கும் தேசிக்காய்ச் சாறு. எல்லாரும் ஒரே ஈரப் பாதையில் ஒரே நேரம் நிற்க வேண்டும். ஒன்றும் பூசாத கால் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் பூசியது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும் என்று பெருமையாகச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர்தான். மறுநாள் பாதைக்குப் போனால், அத்தனை பேரும் எதையாவது அப்பிக்கொண்டு நிற்கிறார்கள். பூசாத கால் டீச்சருடையது மட்டுந்தான். அது சப்பாத்துக்குள் பத்திரமாக இருந்தது.

கோகிலா அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க நிக்க வேணாங்க டீச்சர். நான் கழுவிட்டு நிக்கிறேன். இங்க வந்த டீச்சர்மாரெல்லாம் அட்டைக்குப் பயந்துதான் போயிட்டாங்க. நீங்களும் போயிறக் கூடாதுன்னுதான் இதக் கேட்டோம்."

இந்தப் பிஞ்சுகளுக்குத் தன் மனம் எப்படித் தெரிந்தது என்று டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், சொக்ஸையும் உருவினார்.

"என்ர கால் நிக்கட்டும்," என்றார்.

கோகிலாவின் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். ஏறிட்டுதோ, ஏறிட்டுதோ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏறித்தான் விட்டது, ஒன்றுக்கு நாலாக. டீச்சர் போட்ட சத்தம் மேல் மலையில் கொழுந்து பறித்தவர்களுக்கும் கேட்டது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. உப்புக் காலில் ஒன்று, தேசிக்காய்க் காலில் ஒன்று ஏறியிருந்தன. சவர்க்காரக் காலில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள்.

மறுநாளும் நல்ல மழை. டீச்சர் முழங்கால் வரை சவர்க்காரத்தை வெள்ளையாகப் பூசிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்.

"அடுத்த தவணைக்கும் ஒண்டை யோசிச்சு வையுங்கோ. அட்டை மட்டும் வேண்டாம்," என்றார்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கோகிலாவின் காதில் 'அடுத்த தவணை' மட்டுந்தான் விழுந்தது.