ஒளிக்குக் கோர்வை

போன மாதம் பிள்ளையார்பாளையத்துச் சுவரொட்டி ஒன்றில் பிழை பார்த்தேன். 'ஆழ்ந்த இரங்கல்' என்பதில் புள்ளி விட்டுப்போய் 'ஆழந்த' என்றிருந்தது. இருபது வருடம் செய்தித்தாளில் பிழை திருத்திய கண் முதலில் எழுத்தைத்தான் பார்க்கும். படத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். எஸ்தர்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எழுத்துக்குப் பிறகு முகம் என்ற அந்த வரிசைக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கடை கடையாகச் சாம்பிராணிப் புகை காட்டுகிறவர் என்னைத் தாண்டிப் போனார். அந்த வாசனை எனக்கு எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம்.

எஸ்தர் அங்கே என்னோடு படித்தவள். இருவரும் சேர்ந்து ஓர் இயற்பியல் மன்றம் நடத்தினோம். நடத்தினோம் என்பது கொஞ்சம் பெரிய சொல். வெள்ளிக்கிழமை மதியம் பதினோரு பேரைப் பிடித்து உட்காரவைப்போம். அதில் நாலு பேர் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள். கேள்விகளை அவள் எழுதித் தருவாள். நான் திருத்தி, படியெடுத்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். என் முதல் பத்திரிகை அந்த ஒற்றைத் தாள்தான். ஆசிரியர் என்ற கர்வத்துக்கு மட்டும் குறைவில்லை.

முதல் கூட்டத்துக்கு ஆய்வகத்தை இருட்டாக்க வேண்டியிருந்தது. எஸ்தரின் அப்பா ஜக்காடு அட்டை அடிப்பவர். சேலைப் பூவேலைக்கு ஏற்ப அட்டையில் துளை போடுகிற தொழில். கழித்த அட்டைகளை அவள் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தாள். ஜன்னல் முழுக்க ஆணியடித்துக் கதவைச் சாத்தினால், அறையெங்கும் வெயில் புள்ளிகள். அட்டை என்றால் துளை இருக்கும் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. எங்கள் நெசவு ஊரில் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பொருளாயிற்றே.

"இன்னாமா, ரூம இருட்டாக்குன்னா கொசுவல கட்டிக்கினு இருக்கீங்க?" என்றான் எங்கள் வகுப்புக் குமரவேல்.

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதபா. சோறு போடமாட்டாரு."

பிறகு அவளே ஓடிப்போய்ச் சாம்பிராணி வாங்கிவந்து கொளுத்தினாள். புகையில் புள்ளிகள் கோடுகளாயின. எல்லாம் ஒரே திசையில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் போல. ஆய்வகக் கண்ணாடி ஒன்றைத் திருப்பி, ஒரு கோட்டை மட்டும் மற்றவற்றுக்குக் குறுக்கே விட்டாள்.

"குறுக்க போவுதே, ஒண்ணோட ஒண்ணு கோர்வ போடுமாபா?"

சேலையின் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டிலும் குறுக்கே ஓடும் ஊடை நூல்கள் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைப்பதுதான் கோர்வை.

"தறி வேற, லைட்டு வேற எஸ்தரு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போய்க்கினே இருக்கும், அவ்ளோதான்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அந்த வாரத் தாளுக்கு அவள் எழுதித் தந்ததில் கடைசி வரி இது: 'என்ன செய்தால் ஒளியும் ஒளியும் கோர்வை போடும்?' நான் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில், 'அறிவியலில் நெசவுச் சொல் வேண்டாம்' என்று எழுதி அவளிடமே காட்டினேன். படித்துவிட்டுத் தாளை என் கையில் தந்தாள்.

"இனிமே நீயே எழுதிக்கபா."

மன்றத்துக்குக் கடைசிவரை வந்தாள். எழுதித் தரவில்லை. நான் சென்னைக்குப் போனேன். அவள் ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை ஆனாள். மன்றம் இல்லாமல் எங்களுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

போன வருடம் என் செல்பேசிக்கு அவளிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஒளித்துகள்கள் சாதாரணமாக ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. ஆனால் மிகமிகக் குளிர்ந்த அணுக்கூட்டத்துக்குள் அனுப்பினால், அந்த அணுக்கள் வழியாக ஒன்றையொன்று உணர்ந்து, சேர்ந்தே வெளியே வரவும் செய்கின்றன. கீழே அவள் எழுதியிருந்தாள்: "நடுவுல அணு இருந்தா கோர்வ போடுதாம்பா. பாத்தியா?"

பார்த்தேன். பக்கம் முடிக்கும் அவசரம். நல்லதாக நாலு வரி எழுத வேண்டுமென்று வைத்திருந்தேன். வாரங்கள் போயின. பிறகு, இவ்வளவு தாமதத்துக்கு என்ன சொல்வது என்ற கூச்சம். நான் படித்துவிட்டேன் என்பதை அவளுக்கு அந்த இரண்டு நீலக் குறிகள் காட்டிக்கொண்டே இருந்திருக்கும்.

சுவரொட்டியைப் பார்த்தபின் அவள் வீட்டுக்குப் போனேன். நாலே நாள் காய்ச்சலாம். நான் பெயரைச் சொன்னதும் அவள் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா அந்த எடிட்டரு? ஸ்கூல் பசங்களுக்கு அக்கா மன்றம் வெச்சிருந்துச்சுண்ணா. கண்ணாடி, சாம்பிராணி, ஓட்ட அட்ட, எல்லாத்தயும் தூக்கிக்கினு போவும். 'எடிட்டரு இன்னும் திருத்திக்கினு இருக்காரு, பதில் வந்ததும் சொல்றேன்'னு பசங்ககிட்ட சொல்லி சிரிக்கும்."

நான் தண்ணீர் கேட்டேன்.

திரும்பும்போது கல்லூரிக்குள் நுழைந்து பார்த்தேன். ஆய்வகம் இப்போது குளிரூட்டிய கணினி அறை. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அறிவிப்புப் பலகை இருந்த சுவரில் ஒரு திரை மின்னிக்கொண்டிருந்தது.

அந்தத் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. எஸ்தரின் நீல மை மங்கிப்போய், கோர்வை என்ற சொல் இருந்த இடம் வெறும் தாளாகிவிட்டது. அதன் மேல் நான் இழுத்த சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது.