தொட்டிப் புழுவும் வெள்ளிக்கிழமைப் பொரியும்

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு முன்ஜன்னலில் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. தந்தி ஆபீஸில் கழித்துப்போட்ட பேட்டரிக் கண்ணாடித் தொட்டியைக் கேட்டு வாங்கி, பெட்டாலிங் தெருவில் ஒரு சீனரிடம் மீன் வாங்கி விட்டிருந்தேன். எல்லாம் என் மனைவிக்காகத்தான். இதற்கு முன் கிள்ளானில் வேலையாக இருந்தபோது எங்கள் முதல் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. அதன்பின் அவள் சமைப்பாள், துவைப்பாள், பேசமாட்டாள். மீன் வந்த பிறகுதான் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினாள், அதுவும் மீன்களிடம். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, கண்ணாடியில் வெள்ளை நூல்போல என்னவோ நெளிந்தது. உற்றுப் பார்த்தால் புழு. ஒன்றல்ல, பத்திருபது. நான் மறைப்பதற்குள் அவளும் பார்த்துவிட்டாள்.

"என் கையில எதுவும் தங்காதுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொசுப்புழுவோ? அப்படியானால் மீனே தின்றிருக்குமே. பேட்டரி அமிலம் மிச்சமிருந்து தண்ணீர் கெட்டதோ? அமிலத்தில் புழு எப்படிப் பிழைக்கும்? தண்ணீரைக் கொட்டினேன், மணலைச் சுடுநீரில் அலசினேன். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் புழு. ஆபீஸில் ஒருவர் உப்பு போடச் சொன்னார், இன்னொருவர் மஞ்சள் என்றார், மூன்றாமவர் மீனைக் குழம்பு வைத்துவிடு என்றார். மஞ்சளைக் கரைத்தேன். புழுவும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை. பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினேன்.

மூன்றாம் வாரம் புழுக்களை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு சீனரிடமே போனேன். அவர் சிரித்தார். புழுவால் மீனுக்கு ஒரு கெடுதலும் இல்லை, தின்னாத தீனி அடியில் அழுகினால் தானாகப் பெருகும், தீனியைக் குறை என்றார், கடைத்தெருவில் எல்லாரும் பேசும் பாசார் மலாயில். என் மனைவி தினம் ஒரு சிட்டிகைதான் போடுகிறாள் என்றேன். இல்லை, உன் வீட்டில் பத்துப் பேர் தீனி போடுகிறார்கள் என்றார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர் என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தேன். மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அந்த வெள்ளிக்கிழமை தலைவலி என்று மத்தியானமே வீடு திரும்பினேன். மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முன்ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு அக்கா கண்ணை மூடி முணுமுணுத்தபடி, கை நிறையப் பொரியைத் தொட்டியில் கொட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கடைசியில் பக்கத்து வீட்டு வேதக்கார அக்கா, கையில் ரொட்டித் துண்டுடன்.

என்னக்கா இது என்று கேட்டேன். எதிர்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டு வேண்டிக்குவோம். இங்க குளத்துக்கு எங்க போறது தம்பி? அவளுக்கு ஒரு பிள்ளை தங்கட்டும்னுதான். அவகிட்ட சொல்லிடாதீங்க."

வேதக்கார அக்கா, மாதா கோயிலுக்குப் போகும் தனக்குப் பொரி வழக்கமில்லை என்று ரொட்டிக்குச் சமாதானம் சொன்னார்.

கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். மனைவியிடம் சொல்லாவிட்டால் அவள் தன் கையையே பழித்துக்கொண்டிருப்பாள். சொன்னால் ஆறாத புண்ணைக் கிளறியதாகும். சாயங்காலம் வரை குழம்பிவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அவள் தொட்டியருகே போய் மீன்களைப் பார்த்தாள். "எனக்காகவா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். அவள் முன்ஜன்னலில் போய் நின்றாள். எதிர்வீட்டு அக்காவின் கை தொட்டிக்கு மேலே வந்ததும், அதற்குக் கீழே தன் உள்ளங்கையை நீட்டினாள். அக்கா ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டு, பொரியை அந்தக் கையில் கொட்டினார். அதில் ஒரே ஒரு பொரியை எடுத்துத் தண்ணீரில் போட்டாள். மீதியை வாயில் போட்டுக்கொண்டு, பின்னால் ரொட்டியோடு நின்ற அக்காவிடமும் கையை நீட்டினாள்.