கண்ணைத் திறந்து காட்டுக

அல் ஐன் நகரின் கடைத்தெரு ஒன்றில், எல்லோரும் டைப்பிங் சென்டர் என்றழைக்கும் சிறிய அலுவலகத்தில் எனக்கு வேலை. விசா, அடையாள அட்டை, குடும்பத்தை வரவழைத்தல் என எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் மக்கள் தாள்களை அள்ளிக்கொண்டு எங்களிடம் வருவர். அவர்கள் சொல்வதைக் கேட்டு, அரசு விரும்பும் மொழியில், அரசு வகுத்த கட்டங்களில் நாங்கள் நிரப்புவோம். கைப்பேசி இல்லாதவருக்கு எங்கள் எண்ணையே எழுதிவிடுவோம். ஒருவர் பொருட்டு இன்னொருவர் பேசலாம் என்பதே இத்தொழிலின் அடித்தளம். அதை நான் ஒருநாளும் ஐயுற்றதில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

எங்களுக்கு அடுத்த கடை சீனப் பெண்மணி ஒருவருடையது. தொங்கு விளக்குகளும் மேசை விளக்குகளும் விற்பவர். ஐம்பதைக் கடந்தவர். இந்தியும் அரபியும் ஆங்கிலமும் கலந்த வளைகுடாப் பேச்சுதான் எங்களுக்குள் பொதுமொழி. அதில் 'கலாஸ்' என்றால் தீர்ந்தது, 'மாஃபி' என்றால் இல்லை. என் மேசையில் குவிந்திருக்கும் தாள்களைக் காணும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

"பாய், யுவர் ஷாப் டூ மச் பேப்பர்! சைனா பேப்பர் கலாஸ். ஒன் மொபைல், எவ்ரிதிங்."

அந்தப் பெருமிதத்தில் நியாயம் இருந்தது. அவர் சிறுமியாக இருந்த காலத்தில், மருத்துவரைப் பார்ப்பதற்கு அவருடைய தாய் விடியுமுன்பே முக்காலியைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாயிலுக்குப் போய்விடுவாராம். வரிசையில் இடிபட்டு, இடையில் புகுந்தவரோடு சண்டையிட்டுச் சாளரத்தை அடையும்போது அன்றைய வரிசை எண்கள் தீர்ந்திருக்கும். தரகர்கள் மட்டும் கையில் சீட்டுகளோடு சிரித்துக்கொண்டு நிற்பர். இணையம் அந்த வரிசையை ஒழித்தது. தரகரையும் ஒழித்தது. படுத்தபடியே எண் வாங்கலாம் என்பார் அவர்.

அந்தத் தாய்க்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. ஒரு சிற்றூரில் மூன்றாம் மாடி வீட்டில் தனியே வாழ்கிறார். சென்ற ஆண்டிலிருந்து அவருடைய மேலிமைகள் இரண்டும் சரிந்து, விழிகளை மூடிவிட்டன. மோவாயை உயர்த்தி, இமைக்கடியில் எஞ்சிய கீற்று வழியாகத்தான் உலகைப் பார்க்கிறார். ஒருமுறை படியில் உருண்டும் விட்டார். இமையைத் தூக்கித் தைக்கும் மருத்துவர் பெருநகரிலிருந்து வாரம் ஒருநாள் அவ்வூர் மருத்துவமனைக்கு வருவார். அவரைக் காண்பதற்கான எண், கைப்பேசிச் செயலியில் அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு, எங்களுக்குக் காலை பத்து மணிக்கு வெளியாகும். சில நொடிகளில் தீர்ந்துபோகும். முன்பெல்லாம் தாய்க்கு வேண்டிய எண்ணை மகளே இங்கிருந்து வாங்கிவிடுவார். பிறகு விதி மாறிற்று: நோயாளியின் முகத்தைச் செயலி நேரில் கண்டாக வேண்டும்.

ஒருநாள் காலை ஒன்பதரைக்கு, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டு கைப்பேசிகளோடு அவர் எங்களிடம் ஓடிவந்தார்.

"என்ன புலவரே, சீனாக்காரம்மாவும் நம்ம கடைக்கு வந்தாச்சு. இனி நிலாவுலேருந்துதான் ஆளு வரணும்" என்றார் எங்கள் முதலாளி. காயல்பட்டினத்துக்காரர். நான் தமிழ் படித்துப் பட்டம் பெற்றவன் என்பதை அவர் என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பவர்.

தாயை 'மாமா' என்றழைக்கும் அந்த அம்மையாரின் முகத்தில் சிரிப்பில்லை. "பாய், மாமா ஐ மாஃபி ஓப்பன். மொபைல் ஸ்பீக், ஓப்பன், ஓப்பன், ஓப்பன். மாமா க்ரையிங்."

கண்ணை அகலத் திற, இருமுறை இமை கொட்டு என்று செயலி ஆணையிடுகிறது. திறக்க இயலவில்லை. விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தால், முகத்தை மறைக்கும் பொருளை அகற்று என்கிறது. மூன்று வாரமாக இதே கதை.

முதலாளி இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "கண்ணு தொறக்க முடியலன்னுதானே டாக்டரப் பாக்கப் போறாங்க? தொறந்து காட்டுனாத்தான் டாக்டருன்னா, தொறக்க முடிஞ்சவங்களுக்கு டாக்டரு எதுக்கு?"

எனக்கு ஒரு கொத்தனார் நினைவுக்கு வந்தார். சிமெண்டு அரித்து அரித்து அவருடைய விரல்களில் ரேகையே இல்லை. அடையாள அட்டை அலுவலகத்தில் பத்து விரல்களையும் எந்திரம் மறுத்தது. அங்கிருந்த அலுவலர் அந்தக் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தாமே ஏதோ குறிப்பெழுதி அனுப்பிவைத்தார். எனவே எந்தக் கட்டத்துக்கும் ஒரு பக்கவழி உண்டு என்று நம்பினேன். எந்திரத்துக்குப் பின்னால் ஓர் அலுவலர் அமர்ந்திருந்தார் என்பதை மறந்தேன்.

"அம்மா கண் திறந்திருந்த காலத்துக் காணொளி உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

இருந்தது. புத்தாண்டு விருந்து. ஆவி பறக்கும் கொழுக்கட்டையை அந்த மூதாட்டி ஊதுகிறார். ஆவி கண்ணில் பட, இமைகளைக் கொட்டிக் கொட்டிச் சிரிக்கிறார். அதை எங்கள் கணினியின் பெரிய திரையில் ஓடவிட்டேன். தாயின் கணக்கைத் தம் இரண்டாவது கைப்பேசியில் திறப்பதற்காகத் தாயின் கைப்பேசிக்கு வந்த இலக்கங்களை, மகள் சாதாரண அழைப்பில் கேட்டார். கீற்றுப் பார்வையால் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்ன தாய் இருமுறை தவறினார். மூன்றாம் முறை திறந்தது. மணி பத்தை நெருங்கியது. கைப்பேசியைத் திரைக்கு நேரே பிடித்தோம். மூதாட்டி ஊதினார், இமைத்தார், சிரித்தார். செயலி ஒரு கணம் வட்டமிட்டது. பிறகு சிவப்பு எழுத்துகள் தோன்றின.

"வாட் ஸ்பீக்கிங்?" என்று முதலாளி கேட்டார்.

"ஸ்பீக், திஸ் நோ மேன். ஃபேக்." அவர் குரல் தாழ்ந்தது. "அக்கவுண்ட் குளோஸ். டூ டே."

இரண்டு நாளுக்குக் கணக்கு முடக்கம். கண் திறந்திருந்த தாய் போலியாம். கண் மூடிய தாயோ முகமே இல்லாதவர். நான் திரையை அணைத்தேன்.

"ஒரு ஆளுகூடவா இல்ல அந்த ஆஸ்பத்திரியில? நேரா போயி நிக்கச் சொல்லுங்க, புலவரே" என்றார் முதலாளி. நான் எடுத்துச் சொன்னதும் அந்த அம்மையார் கையை வீசி மறுத்தார். "நம்பர் நோ, டோர் நோ. நவ் நோபடி ஸ்டாண்டிங். மாமா ஷேம்."

என் பக்கவழி விளைத்த தீங்கு மறுநாள்தான் முழுமையாகத் தெரிந்தது. காய்கறிக்குப் பணம் செலுத்துவதும் அதே செயலியில்தான். முட்டைக்கோசு வாங்கப் போன மூதாட்டி தாள்பணத்தை நீட்டியிருக்கிறார். கடைக்காரர் சில்லறை இல்லையென்று சுவரில் ஒட்டிய குறியீட்டைச் சுட்டியிருக்கிறார். மூன்று மாடிகளையும் கைப்பிடிச் சுவரைத் தடவியே இறங்கியவர், வெறுங்கையோடு மீண்டும் தடவியே ஏறியிருக்கிறார். மகள் இதை என்னிடம் குற்றமாகச் சொல்லவில்லை. விளக்குகளைத் துடைத்தபடியே சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவருக்கு ஓர் அந்நியரிடமிருந்து படம் ஒன்று வந்தது. மூதாட்டி எவரிடமும் சொல்லாமல், விடியற்காலையில், அந்தப் பழைய முக்காலியோடு மருத்துவமனைக்குப் போய் மூடிய கதவின் முன் அமர்ந்துவிட்டார். வரிசையில் அவர் ஒருவரே. சிவப்பு மேலங்கி அணிந்த தொண்டர் பெண் ஒருத்தி, படத்தை அனுப்பியவள், வந்து விசாரித்து, உள்ளே ஒரு மூலைச் சாளரத்துக்கு அழைத்துச் சென்றாள். கைப்பேசி கையாள இயலாத முதியோருக்கென்று அந்தச் சாளரம் ஓராண்டாகவே திறந்திருக்கிறதாம்.

"ஓராண்டாகவா? ஏன் யாரும் சொல்லவில்லை?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கைப்பேசியில் துழாவி ஓர் அறிவிப்பைக் காட்டினார். மருத்துவமனை முறையாகத்தான் அறிவித்திருந்தது, அதே செயலியில். "டெல்லிங், பாய். மொபைல் இன்சைட் டெல்லிங்."

எனக்கு வந்த சினத்துக்கு முகவரி இல்லை. அந்த அறிவிப்பை எழுதியவரும் என்னைப் போல் ஒரு மேசையில் அமர்ந்து, கட்டங்களை ஒழுங்காக நிரப்பிவிட்டு, தம் கடமை முடிந்ததென்று வீட்டுக்குப் போயிருப்பார்.

படத்தில் மூதாட்டி முக்காலியில் அமர்ந்திருந்தார். ஒரு கையில் தாள்சீட்டு. மறு கையின் விரலால் வலது இமையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, படமெடுப்பவளை நேராகப் பார்த்தார்.

மருத்துவர் பார்த்துவிட்டார். அறுவை செய்தாக வேண்டும். ஆனால் அதற்கான நாளைச் செயலிதான் அறிவிக்குமாம், முகம் பார்த்தபின். மகள் அன்று மாலையே விமானச்சீட்டு எடுத்தார்.

புறப்படுமுன் எங்களிடம் வந்தார். கடை இருபது நாள் மூடியிருக்கும் என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து தரும்படி கேட்டார்.

"பிக் லெட்டர், பாய். வெரி பிக்."

ஒரு தாளுக்கு இரண்டே சொற்கள் கொள்ளும் அளவில் அச்சிட்டேன். கதவில் வரிசையாக ஒட்டினோம். அவர் தெருவின் எதிர்ப்பக்கம் வரை நடந்துபோய், கண்களைப் பாதி மூடிக்கொண்டு, அங்கிருந்து படிக்க முடிகிறதா என்று பார்த்தார்.