சோபாவின் இடது பக்கம்

எதையும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில், மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். யார் எந்த சர்க்யூட் போர்டைக் கொண்டுவந்து வைத்தாலும் மூன்று தடவை அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். சொப்பனத்தில் வந்தார், ஜெபத்தில் தெரிந்தது என்று பேசுகிறவர்கள் எங்கள் சர்ச்சிலேயே உண்டு, அந்தப் பேச்சு ஆரம்பித்தால் நான் காபி எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே சொல்லப் போகிறேன், நீங்கள் எழுந்து போனாலும் தப்பில்லை. ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுப் போங்கள், பாதியில் போனால் எனக்குக் கோபம் வரும்.

போன வருடம் ஃப்ளீ மார்க்கெட்டில் ஒரு பழைய ஃபிலிம் கேமரா வாங்கினேன். அந்தக் காலத்துக் கேமரா, வெளிச்சம் அளக்கிற வசதி அதில் கிடையாது. அதற்காகத் தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு லைட் மீட்டரை ஆன்லைனில் வாங்கி, கேமராவின் தலையில் ஃப்ளாஷ் மாட்டுகிற இடத்தில் செருகிக்கொண்டேன். எதிரே இருக்கும் பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து குட்டித் திரையில் ஒரு எண் காட்டும். கறுத்த பொருள் என்றால் சின்ன எண், வெளுத்த பொருள் என்றால் பெரிய எண், அவ்வளவுதான். அதற்கு மூளையெல்லாம் கிடையாது.

அந்த நேரம் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். அம்மா இறந்து அப்போது ஒன்றரை வருடம். ஊரில் தனியாக இருந்தவர் ஒரு நாள் பாத்ரூமில் மயங்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டுகிறவரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். அதைக் கேட்ட அன்றே நானும் என் மனைவி ஷீலாவும் முடிவு பண்ணிவிட்டோம், இனி அவரைத் திருப்பி அனுப்புவதில்லை, கிரீன் கார்டு அப்ளை பண்ணிவிடலாம் என்று. அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. ஊரில் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மா பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் அவர்.

"அங்க அவ தனியாக் கெடக்கா, நா இங்க ஹீட்டர போட்டுட்டு இருக்கவால?" என்று கேட்டுவிட்டார். 

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கே போவதானாலும் அவள்தான் முதலில் கிளம்பி வாசல் கதவோரம் போய் நிற்பாள். கூப்பிட மாட்டாள், சத்தம் போட மாட்டாள், பைபிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பாள். அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார், அவள் நிற்கிற நிலையைப் பார்த்தே அவருக்கு வேர்த்துவிடும். அவள் போன பிறகு மனிதர் ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பி உட்கார்ந்துவிடுகிறார். சோபாவில் வலது ஓரமாக, இடது பக்கத்தைக் காலியாக விட்டு.

அப்படி உட்கார்ந்திருந்தவரை ஞாயிறு காலைகளில் படம் எடுக்க ஆரம்பித்தேன். எங்கள் சோபா கரும்பழுப்பு, மீட்டர் எப்போதும் முப்பது காட்டும். ஒரு ஞாயிறு மட்டும் நூற்றிருபத்தைந்து காட்டியது. சரி, வெளிச்சம் அதிகம்போல என்று அதன்படியே கேமராவில் குறைத்து வைத்து எடுத்தேன். கழுவி வந்த படத்தில் அப்பா முகமே தெரியவில்லை, ஒரே இருட்டு. மீட்டர் போச்சு என்று நினைத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் ஒழுங்காக முப்பது. நாலு வாரம் கழித்து மறுபடி நூற்றிருபத்தைந்து, அதுவும் காலியாக இருந்த இடது பக்கத்துக்கு நேராகப் பிடித்தால் மட்டும். ஜன்னல் திரையை மூடினேன், எதிர்வீட்டுக் கார் கண்ணாடி அடிக்கிறதா என்று தெருவில் போய்ப் பார்த்தேன், பேட்டரி மாற்றினேன். ஃபோனில் அளந்தால் முப்பது, இதில் நூற்றிருபத்தைந்து. எனக்கு அன்றைக்குப் பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

மூன்றாவது தடவை அது நடந்தபோது ஷீலா பெட்ரூமிலிருந்து வந்தாள். சும்மா அவள் பக்கம் கேமராவைத் திருப்பினேன். அதே நூற்றிருபத்தைந்து. அவள் வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். எங்கள் ஊர்ச் சபைகளில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து ஆராதனை, பெண்கள் அன்றைக்கு வெள்ளைப் புடவைதான் கட்டுவார்கள், அமெரிக்கா வந்தும் ஷீலா விடவில்லை. அம்மா சாகிற மாதம் வரை கட்டினாள். காலண்டரைப் புரட்டினேன், மூன்று தடவையும் முதல் ஞாயிறுதான். சிரிக்காதீர்கள், அந்த சோபாவில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கு ஊருக்கு ஃப்ளைட். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அன்றைக்கே அவர் கையில் கேமராவைக் கொடுத்து, கண்ணாடியைப் போடச் சொல்லி, எண்ணைக் காட்டினேன்.

"அம்மா அங்க தனியா இல்லப்பா. இங்கதான் இருக்கா. உங்க பக்கத்துல."

 அவர் இடது பக்கம் கையை நீட்டி, அந்தக் குஷனைத் தொடாமல் அதற்கு மேலேயே வைத்திருந்தார். சிறு பிள்ளை மாதிரி அழுதார். சாயங்காலம் டிக்கெட்டை கேன்சல் பண்ணினோம். கிரீன் கார்டுக்குப் பேப்பரும் போட்டாயிற்று, அது கைக்கு வருகிறவரை ஊருக்குப் போனால் அப்ளிகேஷன் அடிபட்டுவிடும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார், "இருக்காளால?"

அளந்தேன். முப்பது. பித்தானை அழுத்தி மறுபடியும் பார்த்தேன். முப்பது. வெறும் சோபா.

"இருக்காப்பா" என்றேன். பத்து வருட சர்வீஸில் அளந்ததை மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன், மீட்டரை அணைக்கவில்லை. ஷூ மாட்டக் குனிந்தபோது கண்ணில் பட்டது, நூற்றிருபத்தைந்து. கேமரா வாசல் கதவைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கதவு சோபாவைவிடக் கறுப்பு, அங்கே முப்பதுகூட வரக்கூடாது. சரி, வழக்கம்போல சர்ச்சுக்கு முதல் ஆளாகக் கிளம்பி நிற்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வழி விடுகிற மாதிரி ஒதுங்கிக்கூட நின்றேன். நம்பினால் நம்புங்கள், நான்தான் அப்படி நின்றேன்.

ஆராதனை முடிந்து மத்தியானம் வீடு திரும்பி, அப்பா சாப்பிட உட்கார்ந்த பிறகு, யாருக்கும் தெரியாமல் கதவை அளந்தேன். நூற்றிருபத்தைந்து. அவள் கிளம்பி நின்றது சர்ச்சுக்கு இல்லை.

அதன் பிறகு நாலு முதல் ஞாயிறு ஆகிவிட்டது. நாலு தடவையும் சோபா முப்பது, கதவு நூற்றிருபத்தைந்து. அப்பா நாலு தடவையும் கேட்டார், நானும் இருக்காப்பா என்றுதான் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுக் காலிப் பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விட்டு உட்காருகிறார். சொன்னால் அவளோடு ஊருக்குப் போக அன்றைக்கே பெட்டி கட்டுவார், அங்கே போய் மறுபடி விழுந்தால் யார் தூக்குவது? சொல்லாவிட்டால் அவள் நின்றுகொண்டே இருப்பாள். கார்டு எப்போது வரும் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

நாளைக்கு முதல் ஞாயிறு. அம்மா கதவோரம் நின்றால் அப்பாவுக்கு வேர்க்கும் என்று சொன்னேன் இல்லையா? இப்போது எனக்கு வேர்க்கிறது.